குரலுக்கு மட்டும் கிடைத்த வேலை

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? அம்மாவின் இருமல் நின்றதா? நான் நன்றாக இருக்கிறேன், வேளாவேளைக்குச் சாப்பிடுகிறேன்.

ஆங்கில ஆசிரியை வேலைக்கு இந்த நாட்டில் ஏழு பள்ளிகளுக்கு எழுதிப் போட்டிருந்தேன் அல்லவா? போன வாரம் ஒரு பள்ளியில் போனிலேயே பேச வைத்துப் பார்த்துவிட்டு, "திங்கக்கிழமையே வந்துடுங்க" என்றார்கள். புடவையை இஸ்திரி போட்டுக் கட்டிக்கொண்டு போனேன். தலைமையாசிரியை என் முகத்தைப் பார்த்ததும் கையிலிருந்த வேலை உத்தரவை மேசைமேல் கவிழ்த்து வைத்தார்.

"தப்பா எடுத்துக்காதீங்கம்மா. உங்க இங்கிலீஷ் அவ்வளவு சுத்தமா இருக்கு. ஆனா ஃபீஸ் கட்டறவங்க வெள்ளைக்கார முகத்தைத்தான் எதிர்பார்க்கறாங்க. நான் என்ன பண்ண?"

"ஒரே ஒரு பாடம் நடத்திக் காட்டட்டுமா?"

"வேண்டாம். பாடத்தை ரெக்கார்ட் பண்ணிக் குடுத்துடுங்க, குரல் மட்டும் போதும்."

விசா முடிய இருபது நாள்தான் இருந்தது, வேலை இருந்தால்தான் நீட்டிப்பார்கள். தலையாட்டிவிட்டேன். உடைந்த பெஞ்சுகள் அடுக்கிய அறையில் மைக் முன்னால் உட்கார்ந்து பேசுகிறேன். வகுப்பில், திரையில் தெரியும் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் படத்தோடு என் குரல் ஒலிக்கும். நினைத்தால் சிரிப்புத்தான் வருகிறது. பன்னிரண்டு வருஷம் முகம் பார்த்துப் பாடம் நடத்தியவள், இப்போது சுவரிடம் கேள்வி கேட்டுவிட்டு, பிள்ளைகள் பதில் சொல்வதற்காகக் கொஞ்ச நேரம் சும்மா இருக்கிறேன்.

பழைய வகுப்புப் பிள்ளைகளோடு நான் எடுத்துக்கொண்ட படம் பீரோவில் இருக்கும், அனுப்பி வையுங்கள். மைக்குக்கு எதிரே ஒட்டிக்கொள்கிறேன். தொண்டை கட்டினால் போடும் மாத்திரையும் இரண்டு அட்டை வேண்டும்.

யாராவது கேட்டால், டீச்சர் வேலை கிடைத்துவிட்டது என்றே சொல்லுங்கள். அது பொய் இல்லை, அப்பா.

கூப்பிடுகிறார்கள், போக வேண்டும்.

உங்கள் மகள்