ஹாலிலேயே ஓட்டிய விமானம்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம், என் முழங்காலும் சுகம். நீயும் மாப்பிள்ளையும் பெரியவளும் வயிற்றில் இருக்கிறதும் அங்கே சுகமாயிருக்க வேண்டும். போனில் சொன்னால் உன் அத்தை பக்கத்தில் வந்து காதைத் தீட்டிக்கொண்டு நிற்பாள், அதனால்தான் எழுதுகிறேன். உன் பிரசவத்துக்கு நான் வருகிறேன், டிக்கெட் எடுத்தாகிவிட்டது.

எப்படி என்று கேள். அண்ணிக்கு பஸ்லயே உக்கார முடியாது, இதுல பிளேன்ல போறாங்களாம் என்று உன் அத்தை ஆரம்பித்தாள். உன் கல்யாணத்துக்குத் துணி எடுக்கப் போகையில் ஒரே ஒரு தடவை வாந்தி எடுத்தேன், அதை இன்றுவரை சொல்லிக் காட்டுகிறாள். பட்டது அவளுடைய பச்சைப் புடவையில், அதில் ஏற்கெனவே கிழிசல், எனக்கா ஞாபகமில்லை? பெரியவள் பிறந்தபோதும் இதே வாய்தான் உன் அண்ணன் மனசைக் கலைத்து என்னை நிறுத்தியது, நீ ஆஸ்பத்திரியில் தனியாகக் கிடந்தாய். அதை நான் மறந்தால்தானே. உட்கார்ந்தே காட்டுகிறேன் பார் என்றேன். காட்டிட்டா ஒங்க பெட்டிய ஏர்போர்ட் வரைக்கும் நானே தூக்கிட்டு வரேன் அண்ணி என்றாள். காலை பத்துக்குக் கிளம்பி மூன்றுக்கு இறங்குகிறது, ஐந்து மணி நேரம்தான் என்றான் உன் அண்ணன். சுவரை ஒட்டி ஒரு நாற்காலி, முழங்கால் இடிக்கிற மாதிரி முன்னால் இன்னொன்று, இடுப்பில் உன் அப்பாவின் பழைய பெல்ட். பாத்ரூமுக்கு மட்டும்தான் அனுமதி. ஜம்மென்று உட்கார்ந்து எழுந்தேன். சாயங்காலம் டிக்கெட் போடுகிறவரிடம் போனால் அவர் சிரிக்கிறார். அந்த மூன்று மணி உங்கள் ஊர் மூன்று மணியாம், ஏழாயிரம் கிலோமீட்டருக்கு மேலாம், வானத்தில் ஒன்பதரை மணி நேரமாம். தினமும் அங்கே இப்போது மணி என்ன என்று பார்த்துத்தான் உனக்குப் போன் போடுகிறோம், ஒருத்தருக்காவது உறைத்ததா? அத்தைக்கு வாயெல்லாம் பல்.

விடுவேனா, மறுநாள் பத்து மணிக்கு மறுபடியும் பெல்ட்டைப் போட்டேன். அத்தை எதிரே நாற்காலி போட்டுக் காவல் உட்கார்ந்தாள். மத்தியானம் தாண்டியதும் இடுப்பு விட்டுப்போச்சு என்று தரையில் சாய்ந்தவள்தான், ஒரே குறட்டை. என் முழங்கால் குத்தத்தான் செய்தது, பெற்றவள் இல்லாமல் அன்றைக்கு உனக்கு எப்படிக் குத்தியிருக்கும் என்று நினைத்துப் பல்லைக் கடித்தேன். ஏழரைக்கு உன் அண்ணன், எறங்கியாச்சும்மா, டிக்கெட் போட்டுடறேன் என்றான். அத்தையைத் தட்டி எழுப்பி, ஊர் வந்துடுச்சு, என் பெட்டிய எடு என்றேன். அவள் தூக்கக் கலக்கத்தில் நிஜமாகவே பெட்டியைத் தேடினாள். வீடே சிரித்தது.

நீ வாளி தூக்காதே, மாடிப்படியில் பிடித்து இறங்கு. நல்லபடியாகப் பெற்றெடுப்பாய், என் ஆசீர்வாதம் எப்போதும் உண்டு. ஒன்று மட்டும் மறக்காதே, ஏர்போர்ட்டில் எனக்குச் சக்கர நாற்காலி சொல்லி வைக்காதே. நடந்தே வெளியே வருவேன். பெரியவளை முன்னால் நிறுத்து. பிறந்தபோது தூக்க விடவில்லை, எவ்வளவு கனமாக இருந்தாலும் அங்கேயே தூக்கிவிடுவேன்.

இப்படிக்கு,
உட்கார்ந்தே ஜெயித்த உன் அம்மா