டர்போவின் விசில்

அன்புள்ள அக்கா,

நேற்றுக் காலை அவருடைய பழைய கார் ஒருவழியாக ஓடியது. எஞ்சினிலிருக்கும் டர்போ விசிலடித்ததும் குழந்தை மாதிரி கைதட்டினார். நான் ஓடிப்போய் என் பெட்டியைக் கொண்டுவந்து பின்சீட்டில் வைத்தேன்.

"அக்கா வீட்டுக்குப் போலாமா?" என்று கேட்டேன்.

பெட்டியைப் பார்த்ததுமே அவர் முகம் மாறிவிட்டது. "டர்போல ஆயில் கசியுது. பிரிச்சுப் பாக்கணும்."

குனிந்து பார்த்தேன். ஒரு சொட்டுகூட இல்லை.

"அப்ப நான் பஸ்ல போயிட்டு வரேனே."

"கார் வெச்சிருக்கறவன் பொண்டாட்டி பஸ்ல போவாளா? டார்ச்சைப் பிடி."

பிடித்தேன். மத்தியானத்துக்குள் எஞ்சின் மொத்தமும் தரையில் கிடந்தது. ஒவ்வொரு முறை கார் ஓடும்போதும் இப்படித்தான். அவர் நல்லவர்தான், அக்கா, அடிப்பதில்லை, திட்டுவதில்லை.

இனிமேல் என்னை வரச்சொல்லி எழுதாதே. நீ வந்து கூட்டிக்கொண்டு போ.

உன் தங்கை