ஏழாம் டப்பி

3 மார்ச் 1934, சனி

பிரிக்பீல்ட்ஸில் இந்த ரயில்வே வீட்டுக்கு வந்து பத்து நாளாகிறது. இன்றுதான் பரணைச் சுத்தம் செய்தேன். எலிப்புழுக்கை, ஒற்றைச் செருப்பு, அதற்குப் பின்னால் ஒரு பெரிய பிஸ்கட் பெட்டி. உள்ளே ஏழு மூக்குப்பொடி டப்பிகள், ஒவ்வொன்றும் துணியில் சுற்றி, மூடியை மெழுகால் அடைத்து. ஆறின் மேல் காகிதம் ஒட்டி முத்து முத்தாக எழுதியிருக்கிறது. ‘மதுரை. நெய் அதிகம்.’ ‘மதராஸ். சுண்ணாம்பு தூக்கல். காலையில் மட்டும்.’ இப்படி. ஏழாவதின் மேல் ஒன்றும் எழுதவில்லை.

எனக்கு முன் இங்கே இருந்த தம்புசாமியின் சாமான். சரக்குக் கொட்டகையில் கணக்கெழுதும் தலைமைக் கிராணியாக இருந்தவர். போன வருஷம் ஒரு மத்தியானம், உள்ளறையில் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்தபடியே போய்விட்டார் என்று பக்கத்து வீட்டுக்காரரும் என் ஆபீஸ்காரருமான ராதாகிருஷ்ணன் சொன்னார். பெண்டு பிள்ளை கிடையாது. ஊரிலிருந்தும் ஆள் வரவில்லை. நாற்காலி இன்னும் இங்கேதான் கிடக்கிறது.

என் வீட்டுக்காரி நல்லம்மாள் பார்த்துவிட்டு, “செத்தவரு சாமானைச் சும்மா தொடாதீங்க. ஒரு இலை போட்டு அவருக்கு வச்சிட்டு அப்புறம் எடுங்க” என்றாள். பொடி போட்டவர் இறந்தால் படையலில் டப்பியையும் வைப்பது வழக்கம்தான். ஆனால் முகம்கூடத் தெரியாத மனிதருக்கு நான் எதற்கு இலை போட வேண்டும்? ஆகட்டும் என்று மட்டும் சொல்லிவைத்தேன். அவளோடு வாக்குவாதம் வேண்டாம். ஆறாம் மாதம். இதற்கு முன் இரண்டு பிறந்தன. இரண்டும் அழவில்லை. அதற்கு மேல் எழுத வேண்டாம்.

5 மார்ச், திங்கள்

மதுரையைத் திறந்துவிட்டேன். இலை போடவில்லை.

11 மார்ச், ஞாயிறு

முப்பத்தெட்டு வயது வரை இந்தச் சுகம் தெரியாமல் இருந்திருக்கிறேனே! பொடி என்றால் கிழவர்களின் அழுக்குக் கைக்குட்டை என்றுதான் நினைத்திருந்தேன். மதுரைப் பொடி மூக்கில் ஏறியதும் முதலில் நெய் வாசனை, அப்புறம் நெற்றிக்குள் யாரோ சன்னலைத் திறந்துவிட்ட மாதிரி ஒரு தெளிவு. அப்புறம் தும்மல். முதல் நாள் பதினோரு தும்மல். நல்லம்மாள் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவள் சிரித்து எத்தனை நாளாயிற்று!

நேற்றுக் காலை நான் ஆபீசுக்குக் கிளம்பும்போது ஒரே ஒரு தும்மல். வாசல் தாண்டும்போது ஒற்றைத் தும்மல் ஆகாது, இரட்டையானால் பாதகமில்லை என்பது அவள் கணக்கு. உட்கார வைத்துத் தண்ணீர் கொடுக்க வந்தவள், பாதியில் செம்பைக் கீழே வைத்துவிட்டு, “பொடிக்காரன் தும்மலு சகுனத்துல சேராது, போங்க” என்றாள்.

19 மார்ச், திங்கள்

தினம் ஒன்று. தம்புசாமி எழுதிவைத்தபடியே போகிறேன், காலைக்குச் சொன்னது காலையில், சாப்பாட்டுக்குப் பிறகு என்றது சாப்பாட்டுக்குப் பிறகு. மதராஸ் பொடி முரட்டு ஆசாமி, கண்ணில் தண்ணீர் வரவைத்துவிட்டுத்தான் நட்பாகிறது. யாழ்ப்பாணத்தில் புகையிலையின் பச்சை வாசம் அப்படியே இருக்கிறது. சீமைப் பொடி ரோஜாப்பூ, மூக்குக்கு மிட்டாய் கொடுத்த மாதிரி. எனக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. சீனப் பொடி டப்பியில்லாமல் கண்ணாடிக் குப்பியில் இருக்கிறது, குப்பியைச் சிறு தகர டப்பிக்குள் வைத்திருக்கிறார். மூடியிலேயே தந்தக் கரண்டி. பச்சைக் கற்பூரம் கலந்தது. உச்சந்தலை வரை குளிர்ச்சி. ஆறாவது மங்களூர், கறுப்பு, ஈரம், காரம்.

ஆபீசில் ராதாகிருஷ்ணன் என் சட்டையை முகர்ந்துவிட்டு ஒரு மாதிரி பார்த்தார். “தம்புசாமியண்ணன் வந்த மாதிரி இருந்திச்சு” என்றார். எனக்குக் கோபம் வந்தது. ஏன் என்று தெரியவில்லை.

இப்போது எனக்குத் தும்மலே வருவதில்லை. பழகிவிட்டது. இனி நானும் தேர்ந்த பொடிக்காரன் என்று நல்லம்மாளிடம் பீற்றிக்கொண்டேன்.

27 மார்ச், செவ்வாய்

சாயங்காலம் வந்ததும் நல்லம்மாள் கேட்டாள், மத்தியானம் நடுவில் ஒருமுறை வீட்டுக்கு வந்தீர்களா என்று. இல்லை என்றேன். உள்ளறையில் தும்மல் கேட்டதாம். ஒன்றே ஒன்று. துணி உலர்த்திக்கொண்டிருந்தவள் நான்தான் என்று நினைத்து, சோறு போடவா என்று குரல் கொடுத்திருக்கிறாள். பதில் இல்லை. போய்ப் பார்த்தால் ஆளில்லை.

அடுத்த வீட்டுச் சத்தமாக இருக்கும் என்றேன். மரச்சுவர்தானே.

29 மார்ச், வியாழன்

அவளிடம் சொல்லாததை இங்கே எழுதுகிறேன். ஏழாவது டப்பியை நான் திறக்கவில்லை. பேரில்லாததைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டிருந்தேன். இன்று எடுத்தால், மெழுகு உடைந்திருக்கிறது. உள்ளே பொடியின் நடுவில் சின்னக் குழி. இரண்டு விரல் பதிந்த குழி. என் கட்டைவிரலை வைத்துப் பார்த்தேன். குழி பெரிது.

எலி மூடி திறக்குமா?

8 ஏப்ரல், ஞாயிறு

கிள்ளானுக்குப் போனேன். நல்லம்மாளின் அக்கா இராஜம்மா வீட்டில் பிரசவத்துக்கு ஏற்பாடு பேசிவிட்டு, பாசார் பக்கம் உமர் கடைக்கு நடந்தேன். டப்பிகளின் அடியில் அந்தக் கடை முத்திரை இருந்தது. உமர் நாகூர்க்காரர், வெள்ளைத் தாடி, பொடி விற்கிறாரே தவிர போடுவதில்லை. ஏழாவதை நீட்டினேன். மூடியைத் திறக்காமலே கையில் வைத்துத் திருப்பிப் பார்த்தார்.

இது தம்புசாமியே கலந்தது என்றார். மற்ற ஆறிலும் கொஞ்சம் கொஞ்சம் எடுத்து, நாலு வருஷம் மாற்றி மாற்றிச் சேர்த்துப் பார்த்தாராம். நாற்பது வருஷம் பொடி போட்டு அவருக்குத் தும்மல் அற்றுப்போயிருந்தது. அந்தத் தும்மல் சுகம் ஒரே ஒரு தடவை திரும்ப வந்தால் போதும் என்பாராம்.

“வந்துச்சா பாய்?” என்று கேட்டேன்.

“கண்டுபிடிச்சிட்டேன், நாளைக்கு வந்து சொல்றேன்னு ஆளனுப்பினாரு. மறுநாள் மவுத்தாயிட்டாரு. கையில இந்த டப்பிதான் இருந்துச்சாம், கிராணி. யாரோ மறுபடி மெழுகு வச்சு மத்ததோட சேர்த்திருக்காங்க.” டப்பியை என் கையில் திணித்தார். “ஒங்கிட்டயே இருக்கட்டும். எங்கடைக்கு வேணாம்.”

ரயிலில் வரும்போது நினைத்துக்கொண்டே வந்தேன். உள்ளறையில் அவர் தும்மினாரா, தும்ம வந்து நின்றுபோனதா?

15 ஏப்ரல், ஞாயிறு

மூன்று மத்தியானமாகக் கேட்கிறதாம். ஒவ்வொரு தடவையும் ஒன்றுதான். நல்லம்மாள் இப்போது துணி தைப்பதெல்லாம் வாசற்படியில். உள்ளறைக்குப் போவதில்லை. பயமா என்று கேட்டால், “பாவமா இருக்கு, இன்னொண்ணு வர மாட்டேங்குதே” என்கிறாள். எனக்கு அவள் பயப்பட்டால்கூடத் தேவலை என்றிருந்தது.

21 ஏப்ரல், சனி

நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

இன்று அவளைக் கிள்ளானில் கொண்டுபோய் விடவேண்டும். இன்றை விட்டால் நாளை ஞாயிறு, கிள்ளான் இருக்கும் மேற்கே சூலம். திங்கட்கிழமை எட்டாம் மாதம் பிறக்கிறது, அதன் பின் பயணம் கூடாது. ரிக்‌ஷா வாசலில் நிற்கிறது. அவள் முன்னால், நான் பெட்டியோடு பின்னால். அவள் வலது காலை எடுத்து வாசலுக்கு வெளியே வைக்கிறாள்.

உள்ளறையில் தும்மல்.

தெளிவாக, வயதான மனிதரின் தும்மல். ஒன்றே ஒன்று. என் முதுகுக்குப் பின்னால். பெட்டி கையிலிருந்து நழுவிற்று.

அவள் திரும்பவில்லை. காலை வெளியே வைத்தபடியே நின்றாள். இரண்டாவது வருமா என்று நானும் நின்றேன். வரவில்லை. ரிக்‌ஷாக்காரச் சீனன் எங்களைப் பார்க்கிறான்.

“நான்தான். பொடி” என்றேன்.

“சரி” என்றாள். அவ்வளவுதான். உட்காரவும் இல்லை, தண்ணீர் குடிக்கவும் இல்லை. என் தும்மலாயிருந்தால் அதற்கு அவசியமில்லையே.

ரயில் சுங்கை ரெங்கம் ஸ்டேஷன் தாண்டும்போது வயிற்றில் கை வைத்து, “ஒதைக்குது” என்றாள்.

22 ஏப்ரல், ஞாயிறு

நான் பாவி. பொய்யைச் சொல்லி ஒற்றைத் தும்மலில் அனுப்பிவிட்டேன். அந்த ஒன்றுக்கு ஒரு ஜோடி சேர்ந்திருந்தால் போதுமே. நானாவது தும்மியிருக்கக் கூடாதா?

அதற்குத்தான் இன்று உட்கார்ந்தேன். மதராஸ், மங்களூர், மறுபடி மதராஸ். கண்ணில் தண்ணீர், மூக்கில் எரிச்சல், தும்மல் மட்டும் இல்லை. சூரியனை அண்ணாந்து பார்த்தேன். கோழி இறகை விட்டுப் பார்த்தேன். கடைசியில் ஏழாவதைத் திறந்து இழுத்தேன். ஆறு வாசனையும் ஒன்றாக வந்தன. மூக்கின் நுனிவரை ஏறிற்று. வாய் திறந்தது. அப்படியே நின்றது. நின்றது. போய்விட்டது.

இதுதான் அவருக்குமா? இப்படி நின்றுகொண்டேவா ஒரு வருஷம்?

30 ஏப்ரல், திங்கள்

தினம் முயல்கிறேன். ஒன்றுமில்லை. அவள் போன பிறகு உள்ளறையும் மௌனம்.

9 மே, புதன்

தந்தி. வலி கண்டுவிட்டது. எட்டாம் மாதத்திலேயே. எட்டாம் மாதப் பிள்ளை தங்காது என்று ஆபீசில் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை, எல்லோரும் பொடிக்கறை படிந்த என் சட்டையை மட்டும் பார்த்தார்கள். பத்து மணி வண்டிக்குப் போகிறேன். ஏழாவது டப்பி பையில் இருக்கிறது. வழியிலாவது ஒரு தும்மல் வரட்டும், தெய்வமே.

10 மே, வியாழன், கிள்ளான்

வரவில்லை. நேற்று ஸ்டேஷனிலிருந்து இராஜம்மா வீடு வரை போட்டுக்கொண்டே போனேன். அங்கே அடுத்த வீட்டுக்காரர் என்னைக் குடிகாரன் என்று நினைத்திருப்பார்.

மத்தியானம் இரண்டு மணி இருக்கும். உள்ளே நல்லம்மாளின் கத்தல் நின்றது. அப்புறம் மருத்துவச்சி பவுனம்மாள் குழந்தையின் முதுகில் தட்டும் சத்தம். தட்டுகிறாள், தட்டுகிறாள். அழுகை இல்லை. இந்த மௌனம் எனக்குத் தெரியும். இரண்டு முறை கேட்டிருக்கிறேன். வாசல் தூணைப் பிடித்துக்கொண்டேன்.

கதவு திறந்தது. பவுனம்மாள் தலையை மட்டும் நீட்டினாள். கை ரத்தம். என்னைப் பார்த்தாள், மூக்கைப் பார்த்தாள்.

“பொடி போடுறியா? குடு.”

கையில் இருந்த ஏழாவதைக் கொடுத்தேன். யோசிக்கவில்லை. கதவு திறந்தேதான் இருந்தது. பொடியைக் குழந்தைக்குப் போடவில்லை அவள், மூடியைக் கழற்றி அதன் உள்பக்கத்தை மட்டும் அந்தச் சின்ன மூக்குக்கு நேரே காட்டினாள். நீலம் பாரித்த முகம். ஒரு விநாடி. வாய் திறந்தது. அந்த வாய் அப்படியே நின்றது. எனக்கு அந்த நிற்றல் தெரியும். போய்விடும் என்று நினைத்தேன்.

தும்மிற்று.

அப்புறம் அழுதது. வீடு நிறைய அழுதது. நான் தரையில் உட்கார்ந்து குழந்தையைவிடச் சத்தமாக அழுதேன். பெண்.

பவுனம்மாள் கை கழுவிவிட்டு, போகிற போக்கில் டப்பியிலிருந்து ஒரு சிட்டிகை எடுத்து இழுத்தாள். நல்ல சரக்கு, எங்கே வாங்கினாய் என்று கேட்டாள். அவளுக்கும் தும்மல் வரவில்லை.

13 மே, ஞாயிறு

நல்லம்மாளிடம் உண்மையைச் சொன்னேன். அன்றைக்குத் தும்மியது நானில்லை என்று.

“தெரியும்” என்றாள். “நீங்க தும்மி ஒரு மாசத்துக்கு மேல ஆச்சு. எனக்குத் தெரியாதா?”

பின் ஏன் கிளம்பினாய் என்று கேட்டேன்.

“ஒங்க மொகத்தைத் திரும்பிப் பார்த்திருந்தா கெளம்பியிருக்க மாட்டேன். அதான் திரும்பலை.”

3 ஜூன், ஞாயிறு

மூன்று மாதம் முன்னே செய்திருக்க வேண்டியதை இன்று செய்தேன். உள்ளறையில் சாய்வு நாற்காலிக்கு எதிரே இலை போட்டேன். சோறு, கத்தரிக்காய்க் குழம்பு, வடை, வெற்றிலை. ராதாகிருஷ்ணன் வீட்டம்மா சமைத்துக் கொடுத்தார். இலையின் ஓரத்தில் ஏழு டப்பிகளையும் அவர் வைத்திருந்த வரிசையிலேயே வைத்தேன். மன்னிக்கச் சொல்லிக் கும்பிட்டேன். உறவுமுறை தெரியாததால் அண்ணே என்றேன். கற்பூரம் காட்டிவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு நானும் ராதாகிருஷ்ணனும் வெளியே நின்றோம்.

உள்ளே சத்தம் எதுவும் இல்லை. சாய்வு நாற்காலியின் கித்தான் மட்டும் ஒருமுறை முனகியது. ராதாகிருஷ்ணன் என்னைப் பார்த்தார். நான் தெருவைப் பார்த்தேன்.

கதவைத் திறந்த பிறகு டப்பிகளைச் சோதிக்கவில்லை. ஏழையும் துணியில் சுற்றிப் பரணிலேயே வைத்துவிட்டேன். எனக்கு வேண்டும்போது இனி உமரிடம் மதுரைப் பொடி வாங்கிக்கொள்கிறேன்.

17 ஜூன், ஞாயிறு

நல்லம்மாளும் குழந்தையும் இன்று வீட்டுக்கு வந்தார்கள். கிழக்கே வருவதற்கு நல்ல நாள். பக்கத்து வீட்டம்மா ஆரத்தி எடுத்தார். நல்லம்மாள் வாசற்படியில் காலை வைக்கப் போகும்போது குழந்தை தும்மிற்று. ஒற்றை.

“நூறாயுசு” என்றாள் அவள். ஆனால் காலை வைக்கவில்லை. நானும் பெட்டியோடு நின்றேன். ஆரத்தித் தட்டோடு பக்கத்து வீட்டம்மாவும் நின்றார்.

உள்ளறையிலிருந்து ஒரு தும்மல் கேட்டது. வயதான மனிதரின் தும்மல். வயிறு நிறைந்தவர் தும்முகிற மாதிரி நிதானமாக.

பக்கத்து வீட்டம்மா தட்டோடு ஓரடி பின்னால் போனார். நல்லம்மாள் குழந்தையின் மூக்கைத் துடைத்துவிட்டு, என் பக்கம் திரும்பாமலே சொன்னாள்.

“ரெட்டைதான். உள்ள வாங்க.”