சிரித்த குற்றத்துக்கு மன்னிப்பு

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. உடம்பு எப்படி இருக்கிறது? எட்டாம் மாதம் கால் வீங்கும். உட்காரும்போது முக்காலிமேல் தூக்கி வைத்துக்கொள்.

இதை உன் மாமியார் பிரித்துப் படித்துவிட்டுத்தான் உன்னிடம் தருவார் என்று தெரியும். படிக்கட்டும். மன்னிப்புக் கேட்டு எழுதினால்தான் பிரசவத்துக்கு நான் வரலாமாம். பெற்றவளுக்கு வந்த நிலைமையைப் பார்!

அப்படி என்ன செய்துவிட்டேன்? நீங்கள் எல்லோரும் வந்திருந்த அன்று, அந்தப் பணக்காரப் பக்திக் குடும்பத்து நகைச்சுவைத் தொடர் டிவியில் ஓடிக்கொண்டிருந்தது. சத்தத்தைக் குறைத்தேனே தவிர, அணைக்க மனசு வரவில்லை. நாள் பூராவும் தையல் கூடத்தில் பள்ளிச் சட்டைகளுக்குக் காலர் வைத்து முதுகு ஒடிந்து வருகிறவளுக்கு அந்த அரை மணி நேரம்தான் சிரிப்பு. அதில் ஒருத்தரைக்கூட எனக்குப் பிடிக்காது. பணிவைத் தா என்று வேண்டிக்கொண்டே முன்வரிசை நாற்காலிக்கு அடித்துக்கொள்ளும் ஜென்மங்கள். அதற்காகத்தானே பார்க்கிறேன்! நல்லவர்கள் கதை என்றால் எனக்கு அழுகைதான் வருகிறது.

உன் மாமனார் டீ குடிக்குமுன் கண்ணை மூடிப் பிரார்த்தனையை ஆரம்பித்தார். டீ ஆறி ஆடை கட்டியும் முடிக்கவில்லை. திரையில் அந்தக் குடும்பத்துப் பெரிய மனிதரும் அதே நேரம் கண்ணை மூடி, ஒற்றைக் கண்ணைத் திறந்து வாசலில் நிற்கும் தன் காரைப் பார்த்துக்கொண்டார். திரும்பினால், உன் மாமனாரும் ஒற்றைக் கண்ணால் ஜன்னல் வழியே காரைப் பார்க்கிறார்! நான் என்ன கல்லா? வாயிலிருந்த டீ அவர் வெள்ளைச் சட்டைமேலேயே தெறித்துவிட்டது.

"எங்களைப் பார்த்தா உங்களுக்கு இளக்காரமா இருக்கா?" என்று உன் மாமியார் கேட்டதுகூடப் பரவாயில்லை. அப்புறம் போனில் நீ, "அந்தக் கண்றாவியை இனிமே பாக்காதம்மா, எங்க வீட்டுல அதெல்லாம் பாவம்" என்றாயே, அதுதான் பொறுக்கவில்லை. போன வருஷம் வரைக்கும் என் தோளில் சாய்ந்து வயிறு வலிக்கச் சிரித்தவள் யாரடி? அந்தத் தொடரில் வரும் மூத்த மருமகள் மூச்சு விடக்கூட அனுமதி கேட்பாளே, அவளைப் பார்த்து, "இவளுக்கு வாயே இல்லையா?" என்று கத்தினவள் நீதான். போன வாரம் அவள் முகம் வந்ததும் எனக்குச் சிரிப்பு வரவில்லை. டிவியை அணைத்துவிட்டேன்.

ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது. மூன்று தாளைக் கிழித்துப் போட்டாயிற்று. இது நாலாவது. சரி, கேட்டுவிடுகிறேன்.

சம்பந்தி அவர்களே, நான் சிரித்தது தப்பு. மன்னித்துவிடுங்கள். அங்கே வந்தால் டிவி இருக்கும் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டேன். நீங்கள் இரண்டு மணி நேரம் பிரார்த்தனை செய்தாலும் வாயை மூடிக்கொண்டு நிற்கிறேன். என்னை வர மட்டும் விடுங்கள். வலி எடுத்து அவள் "அம்மா" என்று கத்தும்போது, "இங்கதான்டி இருக்கேன்" என்று சொல்ல ஒருத்தி வேண்டாமா?

நல்லபடியாகப் பெற்றெடு, கண்ணு.

இப்படிக்கு,
துணிமணியைப் பையில் எடுத்து வைத்துவிட்டு உட்கார்ந்திருக்கும்
உன் அம்மா