பெருநாள் மண்

2011 ஓகஸ்ட் 27

பெருநாளுக்கு இன்னும் சில நாள்தான். ஊரெல்லாம் முற்றத்துக்கு வெள்ளை மண் கேட்கிறது. இவர் விடியற்காலையிலேயே உழவு ரெக்டரில் பெட்டியைக் கொளுவிக்கொண்டு கடற்கரைக்கு மண்ணேற்றப் போய்விட்டார். சண்டை முடிந்து இராணுவக் காவல் சென்றியை எடுத்த பிறகு அங்கே தடுக்க ஆளில்லை. எங்கள் முற்றத்திலும் ஒரு பெட்டி மண் கொட்டிப் பரப்பினேன். பெருநாளென்றால் முற்றம் வெளுத்திருக்க வேண்டும். எனக்கும் அந்த ஆசை விட்டதில்லை.

மகன் றமீஸ் இருந்திருந்தால் இதில் உருண்டு புரண்டு அடி வாங்கியிருப்பான். சுனாமி கொண்டுபோனபோது ஆறு வயது.

செப்டெம்பர் 19

மையவாடிக்குக் கிட்டக் கடல் வந்துவிட்டதென்று பள்ளிவாசலில் கூட்டம். உலகமே சூடாகிறது, எல்லா நாட்டிலும் கடல் உயர்கிறது என்றாராம் கொழும்பிலிருந்து வந்த அதிகாரி. “அப்ப தெற்கால கல்லணை போட்டதும் உலகமா?” என்று யாரோ கேட்டிருக்கிறார்கள். தெற்கே கடலுக்குள் அந்த அணை போட்ட பிறகுதான் இங்கே கரை அரிபடுகிறது. அது வேறு இலாகாவாம். இங்கேயும் கல் போடத் திட்டம் மேலே போயிருக்கிறதாம். மேலே என்றால் எங்கே?

றமீஸை அடக்கம் செய்தது அந்த மையவாடியில்தான், கடல் பக்கத்து மூலையில். பெண்கள் உள்ளே போவதில்லை. நான் மதிலுக்கு வெளியே நின்று ஸலாம் சொல்லிவிட்டு வருவேன்.

நவம்பர் 4

ஹஜ்ஜுப் பெருநாள் வருகிறது. மறுபடியும் மண்.

“இஞ்சருங்க, மையவாடிக் கரையில இனி அள்ளாதீங்க.”

“நான் ஒரு பெட்டி அள்ளாட்டி கடல் நிக்குமா புள்ள? கல்லணை போட்டவனுகளக் கேளு.”

“அவனுகள நான் எங்க போய்க் கேக்குற? உங்களத்தானே கேக்கேலும்.”

ரெக்டரை எடுத்துக்கொண்டு போனார். பின்னேரம் பக்கத்து வீட்டு சல்மா உம்மா வேலியால் எட்டி, “ஜெனூபா, எனக்கும் ரெண்டு பெட்டி மசூரிட்டச் சொல்லு மகள்” என்றார். முடியாது என்று சொல்ல வாய் வரவில்லை. இவரிடம் சொன்னேன். என்ன மனுசி நான்?

நவம்பர் 29

மழை. கடல் பொங்குகிறது. மையவாடி மதில் விழுந்துவிட்டது. ஓடிப்போய் விழுந்த கல்லுக்குப் பக்கத்தில் நின்றேன். அவனுடைய கபுறில் அடையாளத்துக்கு நட்ட மீசான் கட்டைகளை இன்றுதான் கண்ணால் கண்டேன். தலைமாட்டில் ஒன்று, கால்மாட்டில் ஒன்று. இரண்டும் இவ்வளவு கிட்டவா? சின்னப் பிள்ளையின் கபுறுதானே.

டிசம்பர் 2

கபுறுகளைத் தோண்டி உள்ளுக்கு மாற்றலாமா என்று மௌலவிமார் இன்னும் பேசுகிறார்கள். அதிகாரி போனை எடுக்கவில்லை.

பெருநாளுக்குப் பரப்பிய மண்ணையெல்லாம் இவரும் நானும் சாக்கில் அள்ளி மையவாடிக் கரையில் அடுக்கினோம். தெருவே அள்ளியது. சல்மா உம்மா அந்த வயதில் சுளகால் அள்ளிப் போட்டார். நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. அவரும் என்னைப் பார்க்கவில்லை.

டிசம்பர் 5

கால்மாட்டுக் கட்டை இல்லை.

டிசம்பர் 6

ஒரு புள்ளய இந்தக் கடல் எத்தின தரம் எடுக்கிற?

2012 மே 14

கல் வந்தது. லொறிகள் போதாதென்று ஊர் ரெக்டர்களையும் பிடித்தார்கள். இவரும் போனார். பின்னேரம் வந்து கை கழுவாமல் படியில் உட்கார்ந்தார்.

“அவன் கிடந்த இடத்துலதான் கொட்டச் சொன்னானுகள் புள்ள. கொட்டினேன்.”

குலுங்கிக் குலுங்கி அழுதார். சுனாமிக்குக் கூட இப்படி அழவில்லை. போகாமல் விட்டிருக்கலாமே என்று கேட்க வந்தது. கேட்கவில்லை. மற்றவர்களின் பிள்ளைகள் இன்னும் அங்கே கிடக்கிறார்கள்.

ஓகஸ்ட் 17

திரும்பவும் பெருநாள். இந்த முறை இவர் மண்ணுக்குப் போகவில்லை. ஆனாலும் தெருவில் முற்றமெல்லாம் வெளுத்துவிட்டது. வெளியூர் ரெக்டர் ஒன்று கொண்டுவருகிறது. சல்மா உம்மா எங்கள் வாசலிலும் ஒரு பெட்டி கொட்டுவித்திருந்தார். அன்பாகத்தான்.

கையில் அள்ளிப் பார்த்தேன். நல்ல வெள்ளை. ரெக்டர்காரரிடம், உங்கள் ஊர் மையவாடி எந்தப் பக்கம் என்று கேட்டேன்.

“கடலடியிலதான். ஏன் ராத்தா?”

இவர் மண்வெட்டியோடு வந்தார். பரப்பப் போகிறார் என்று நினைத்தேன். திரும்ப நம் ரெக்டரில் ஏற்றத் தொடங்கினார். அள்ளிய அந்த ஊர்க் கரையிலேயே கொண்டுபோய்க் கொட்டப் போகிறாராம்.

“ஒரு பெட்டிதானே,” என்றேன்.

“ஓம். ஒரு பெட்டிதான்,” என்றார். நான் சுளகை எடுத்துக்கொண்டு அள்ளப் போனேன்.