நான்காவது டாக்கோ

அப்பா,

சனிக்கிழமை மதியம் வகுப்புத் தோழிகளோடு ஐந்தருவிக்குப் போயிருந்தேன். சாரல் விடாமல் விழுந்துகொண்டிருந்தது. பஜ்ஜிக் கடைகளையும் பலாச்சுளை விற்பவர்களையும் தாண்டி வரும்போது, ஒரு வேனின் பின்கதவைத் திறந்து வைத்து யாரோ புதிதாகக் கடை போட்டிருந்தார்கள். மக்காச்சோள ரொட்டி சூடான கல்லில் வாடும் மணம், அதோடு சீரகமும் எலுமிச்சையும். பலகையைப் படிப்பதற்கு முன்பே அது என்ன கடை என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

"ஏட்டி, டாக்கோ போடுதாங்க. நீ வீட்லயே செய்வேல்லா, வா, ஒன்னு தின்னு பாத்து மார்க் போடு" என்று கையைப் பிடித்து இழுத்தாள் ஒருத்தி.

வயிறு வலிக்கிறது என்று சொல்லிவிட்டு பஸ் ஏறி வீட்டுக்கு வந்துவிட்டேன். நீங்கள் போய் ஏழு மாதம் ஆகிறது. அழுகைகூட இப்போதெல்லாம் நேரம் சொல்லிவிட்டுத்தான் வருகிறது. ஆனால் பதினாறாம் நாள் உங்கள் படையல் இலை முன்னால் நான் அடைந்த அதிர்ச்சி மட்டும் இன்னும் முதல் நாள் போலவே இருக்கிறது. அதை உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது என்று தெரியவில்லை.

முதலில் இருந்து சொல்கிறேன். உங்களுக்குத் தெரிந்த பகுதிதான் இது. பல நாட்டுச் சாப்பாடுகளைப் பற்றிய ஒரு புத்தகத்தை நூலகத்தில் எடுத்து வந்தேன். அதில் டாக்கோவைப் பற்றி இரண்டு பக்கம் இருந்தது. மக்காச்சோள ரொட்டியை நடுவில் மடித்து, உள்ளே வேகவைத்த பயறு வகையும் வெங்காயமும் வைத்துத் தின்கிறார்கள் என்று படித்தபோது எனக்கு உங்கள் ஞாபகம்தான் வந்தது. பதினைந்து வருடத்துக்கு மேலாக வடக்கே பட்டாளத்தில் இருக்கிறீர்கள், அங்கே ராஜ்மா தின்று பழகியிருப்பீர்கள், ஊருக்கு வந்தால் அது கிடைக்காமல் ஏங்குவீர்கள். இப்படித்தான் நான் கணக்குப் போட்டேன். பயறுக்குப் பதில் ராஜ்மா என்று நோட்டில் எழுதி, அதற்குக் கீழே இரண்டு கோடும் போட்டேன்.

மக்காச்சோளம் அம்மாவின் ஊரிலிருந்து வந்தது. திருவேங்கடத்துப் பக்கம் அதைக் கோழித் தீவனத்துக்குத்தான் விளைவிக்கிறார்கள். பையைப் பிடித்துக்கொண்டு நான் பின்னால் உட்கார, நீங்கள் வண்டி ஓட்ட, மாவு மில்லுக்குப் போனோம். மில்காரர் பைக்குள் கையை விட்டுப் பார்த்துவிட்டு உங்களைப் பார்த்தார்.

"கோழிப்பண்ணை வைக்கப் போறீயளா அண்ணாச்சி?"

"இல்ல. வீட்டுக்கு."

"மனுசருக்கா?"

"எம் மக செய்யுதா. நல்லா நைசா அரைங்க. அவ நோட்ல எழுதி வச்சிருக்கா."

திரும்பி வரும் வழி முழுக்க நீங்கள் வண்டியில் சிரித்துக்கொண்டே வந்தீர்கள். உங்கள் முதுகு குலுங்குவது எனக்குத் தெரிந்தது.

சப்பாத்தி மாதிரி தேய்க்கப் போனால் மாவு உதிர்ந்தது. அம்மாதான் கொதித்த தண்ணீர் விட்டுப் பிசைந்து, தட்டைக்குத் தட்டுவதுபோல் பால் கவர் இரண்டுக்கு நடுவில் உருண்டையை வைத்து, எவர்சில்வர் தட்டால் அமுக்கிக் கொடுத்தாள். நீங்கள் ஒவ்வொரு ரொட்டியையும் கல்லில் இருந்து சூட்டோடு எடுத்து, பூரிக்கட்டையின் மேல் மடித்துப் போட்டு, விறைக்கும்வரை பிடித்துக்கொண்டு நின்றீர்கள். பத்து ரொட்டியும் ஒரே கோணத்தில் மடிந்து, தட்டில் அணிவகுப்பு மாதிரி நின்றன. ராவெல்லாம் ஊறிக் குக்கரில் குழைந்த ராஜ்மாவைச் சின்ன வெங்காயத்தோடும் தக்காளியோடும் வதக்கி மசித்து உள்ளே வைத்தேன். மேலே பச்சை வெங்காயம், மல்லித்தழை, எலுமிச்சைச் சாறு.

"எப்படிப்பா இருக்கு?"

"அங்கன குடுக்குததெல்லாம் ஒரு ராஜ்மாவாட்டி? இதுல்லா ராஜ்மா. இன்னொன்னு வை."

இப்படிச் சொல்லிச் சொல்லி நான்கு தின்றீர்கள். நான் நோட்டில் "அப்பா, நான்கு" என்று எழுதினேன். அதற்குப் பிறகு நீங்கள் வந்த இரண்டு விடுமுறைக்கும், ரயிலை விட்டு இறங்கிக் குளித்துவிட்டு உட்கார்ந்ததும் உங்களுக்கு நான் வைத்த முதல் சாப்பாடு அதுதான். இரண்டு தடவையும் நான்கு. எனக்கு அதில் எவ்வளவு பெருமை என்று உங்களுக்குத் தெரியும். பள்ளிக் கட்டுரையில்கூட எழுதினேன்.

இனி வருவது உங்களுக்குத் தெரியாத பகுதி. அல்லது உங்களுக்குத்தான் நன்றாகத் தெரிந்த பகுதி.

முகாமில் காலை ஓட்டத்தில் நீங்கள் விழுந்ததாகப் போன் வந்தபோது நான் இயற்பியல் வகுப்பில் இருந்தேன். அந்த நாட்களைப் பற்றி எழுத வேண்டாம். பதினாறாம் நாளைக்குச் செங்கோட்டை அத்தை முதல் நாளே வந்து அடுப்படியைக் கையில் எடுத்துக்கொண்டாள். தேங்காய்ப்பால் சொதி, அவியல், பருப்பு வடை, முறுக்கு, அதிரசம் என்று உங்களுக்குப் பிடித்ததை எல்லாம் விரல் விட்டுச் சொன்னாள். நான் ராஜ்மாவை ஊற வைத்தேன். அப்பா, படையலில் எதை வைக்கிறோம் என்பது எனக்கு வெறும் சடங்காகப் படவில்லை. உங்களுக்கு நான் கடைசியாகப் பரிமாறப் போகும் சாப்பாடு அது. அதில் தப்பு வந்துவிடக் கூடாது என்று இருந்தேன்.

காலையில் தட்டோடு நான் வந்ததும் அத்தை வழியை மறித்தாள்.

"இது என்னதுட்டி, அப்பளத்த மடிச்ச மாதிரி?"

"டாக்கோ அத்த. அப்பாக்கு ரொம்பப் பிடிக்கும்."

"படையல்ல வைக்குத சாமானா இது? எங்க அம்மையும் அப்பனும் வந்து நிக்குத இலை. இதப் பாத்தா பயந்து ஓடிருவாங்க."

"நாலு தின்னாரு அத்த. மூணு லீவுலயும். நான் எழுதி வச்சிருக்கேன்."

"எழுதி வச்சிருக்காளாம். நான் அவனை இடுப்புல தூக்கி வளத்தவ. அவன் நாக்கு எனக்குத் தெரியாதா?"

"வளத்தது நீங்க. பதினேழு வருசமா வடக்க சாப்பிட்டது அவரு. நாக்கு மாறும் அத்த."

அத்தை அம்மாவைப் பார்த்தாள். அம்மா விளக்குக்குத் திரி திரித்துக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்காமல், "வைக்கட்டும் மதினி" என்று மட்டும் சொன்னாள். நான் ஜெயித்துவிட்டேன். உங்கள் படத்துக்கு முன்னால் விரித்த இலையில், அதிரசத்துக்குப் பக்கத்தில், நான்கை அடுக்கினேன்.

அப்போதுதான் ராயகிரி மாமா வந்தார். உங்களோடு ஒரே முகாமில், அடுத்த கட்டிலில் இருந்தவர். உங்கள் தகரப் பெட்டியை அவர்தான் கொண்டுவந்து சேர்த்தார். படத்தை வணங்கிவிட்டு இலையைப் பார்த்தார்.

"இது என்ன பலகாரம் தாயி?"

நான் ஆர்வமாக எல்லாம் சொன்னேன். எந்த நாட்டுச் சாப்பாடு, மாவு எங்கே அரைத்தது, எப்படி மடித்தது எல்லாம்.

"உள்ள என்ன?"

"ராஜ்மா மாமா."

அவர் சிரித்துவிட்டார். துக்க வீடு என்பது மறந்து, நிஜமாகவே சிரித்துவிட்டார். "ராஜ்மாவா? அண்ணாச்சிக்கா? நல்ல ஆளப் பாத்து வச்சே தாயி. மெஸ் பக்கம் அந்தச் செவப்புப் பயறு மணம் வந்தாலே, 'ஏலே, சிவப்பன் வந்துட்டாம்லே'ன்னு வெளிய போயிருவாரு. அவரு பங்கு ராஜ்மாவ எந் தட்டுல தட்டிட்டு எங்கிட்ட இருந்து ரொட்டிய எடுத்துக்கிடுவாரு. பதினேழு வருசத்துல அவரு அதைத் தொட்டு நான்..."

அங்கே நிறுத்திவிட்டார். என் முகத்தைப் பார்த்திருப்பார்.

எனக்கு என்ன நடந்தது என்று எப்படிச் சொல்ல. இவர் வேறு யாரையோ சொல்கிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். முகாமில் எத்தனையோ அண்ணாச்சிமார் இருப்பார்கள். "இல்ல மாமா, நாலு தின்னாரு" என்றேன். அவர் அம்மாவைப் பார்த்தார். அம்மாவின் கையில் திரி அப்படியே நின்றது. அந்தத் திரியைப் பார்த்ததும் எனக்கு விளங்கிவிட்டது. அம்மாவுக்கும் தெரியும். தெரியாதவள் நான் மட்டும்தான்.

அத்தை என்னைத் திட்டவில்லை. குனிந்து, மெதுவாக, "எடுத்துருட்டி. அவனுக்கு ஆகாதது இலையில இருக்கக் கூடாது. விளக்கு ஏத்தணும்" என்றாள். நானே எடுத்தேன். நான்கையும் எடுத்தேன். இலையில் நான்கு ஈரத் தடம் இருந்தது. அத்தை அதைத் துடைத்துவிட்டு அந்த இடத்தில் வடையை வைத்தாள்.

அடுப்படியில் அம்மாவைக் கேட்டேன்.

"உனக்குத் தெரியுமாம்மா?"

"தெரியும்."

"மொத தடவையேவா?"

"மொத தடவையே. நீ டியூசன் போனதும் பழைய சோறு கேட்டாரு. நாலு தின்னுட்டு இன்னுமா பசிக்குதுன்னேன். பசி இல்லட்டி, நாக்கக் கழுவணும்னாரு."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"நீ நோட்ட வச்சிக்கிட்டு நின்ன. என்னத்தச் சொல்ல?"

நாக்கைக் கழுவணும். அப்பா, நான் அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டு அடுப்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். இது ஒன்றில்தானா, இல்லை எல்லாவற்றிலுமா? நான் புத்தகத்தை வாய்விட்டு வாசித்தால் கண்ணை மூடிக் கேட்பீர்களே, அது கேட்டதா, தூங்கியதா? நூலகத்து பெஞ்சில் எனக்காக இரண்டு மணி நேரம் உட்கார்ந்து, "நேரம் போனதே தெரியல" என்பீர்களே, அது எப்படி? உங்களைப் பற்றி எனக்குத் தெரிந்தது என்று நான் எழுதி வைத்திருந்த ஒவ்வொரு வரியும் என் முன்னால் ஆடியது. வகுப்பில் எல்லோரும் என்னைக் கவனிப்புள்ளவள் என்பார்கள். நானும் அதை நம்பியிருந்தேன்.

பந்தி தொடங்கியது. நான் எடுத்து வந்த டாக்கோத் தட்டு அடுப்பு மேடை ஓரத்தில் கிடந்தது. ராயகிரி மாமா இலையில் உட்கார்ந்ததும் என்னைக் கூப்பிட்டார். தான் செய்துவிட்ட காரியம் அவரைச் சாப்பிட விடவில்லை போலிருக்கிறது.

"தாயி, அதுல ஒன்னு இங்கன வையி. நான் தின்னுதேன்."

வைத்தேன். இந்த முறை என் கையில் நோட்டு இல்லை. அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். ஒரு வாய் கடித்தார். மென்று முடிப்பதற்குள் தண்ணீர் டம்ளருக்குக் கை போனது. கண் என்னைப் பார்க்கவில்லை, எதிர்ச் சுவரில் நின்றது. தொண்டை ஒரு முறைக்கு இரண்டு முறை ஏறி இறங்கியது. பிறகு முகம் முழுக்கச் சிரிப்பை வரவழைத்துக்கொண்டு, "நல்லாத்தான இருக்கு. இன்னொன்னு வை" என்றார்.

அந்தக் குரல். "இன்னொன்னு வை" என்கிற அந்த அவசரம். அப்பா, அதே குரல்தான். அதே தண்ணீரும் அதே சுவரும் நம் வீட்டிலும் மூன்று தடவை இருந்திருக்கும். நான் அப்போது நோட்டைக் குனிந்து பார்த்து "நான்கு" என்று எழுதிக்கொண்டிருந்தேன்.

"வேண்டாம் மாமா" என்றேன். அவர் இலையில் இருந்த மிச்சத்தை என் கையாலேயே எடுத்துவிட்டு, சோற்றைத் தள்ளிச் சொதியை ஊற்றினேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு, ரொம்ப நாள் கழித்து ஊருக்கு வந்த மனிதர் மாதிரி, வேகவேகமாகப் பிசைந்து தின்றார். உங்களுக்கு நான் ஒரு தடவையாவது செய்திருக்க வேண்டியது அது. மூன்று தடவையும் நான்காவதை நான்தான் வைத்தேன்.

உங்கள் மேல் கோபமா என்று என்னையே கேட்டுப் பார்க்கிறேன். கொஞ்சம் கோபம்தான். முதல் தடவை சரி. இரண்டு நாள் ரயிலில் உட்கார்ந்து வந்த மனிதர், இரண்டாவது தடவையும் மூன்றாவது தடவையும் ஏன் வாயைத் திறக்கவில்லை? இன்னும் எத்தனை வருடம் தின்பதாக இருந்தீர்கள்? நான் கல்லூரிக்குப் போய், வேலைக்குப் போய், அதற்கப்புறமும் ஒவ்வொரு தடவையும் நான்கு வைத்திருப்பேன். நீங்களும் தின்றிருப்பீர்கள். அதை நினைத்தால் சிரிப்பு வருகிறது. சிரித்து முடித்ததும் நோட்டை எடுத்து அந்த மூன்று "நான்கு"களையும் மறுபடி பார்க்கிறேன்.

உங்களிடமிருந்து எனக்கு வந்து சேர்ந்தது என்ன என்று கேட்டால், இப்போது முகத்தைப் பார்க்கிறேன். அவ்வளவுதான். அது சுகமான காரியமாகவும் இல்லை. போன வாரம் நான் ரவா உப்புமா கிண்டினேன். அம்மா தின்றுகொண்டே "நல்லாருக்கு" என்றாள். அவள் தாடை ஒரு நொடி நின்று பிறகு நகர்ந்ததைப் பார்த்துவிட்டேன்.

"யம்மா, நெசத்தச் சொல்லு."

அம்மா தட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். சொல்லலாமா என்று அவள் யோசிப்பது தெரிந்தது. பிறகு தட்டைத் தள்ளி வைத்தாள்.

"வாயில வைக்க முடியலட்டி. ஒரே உப்பு."

அதைக் கேட்டதும் எனக்கு வந்த நிம்மதியை உங்களுக்கு எப்படிச் சொல்வேன். எழுந்து போய் மறுபடியும் ரவையை வறுத்தேன். வறுக்கும்போது, அம்மா சொன்ன அந்த வாக்கியத்தை உங்கள் குரலில் சொல்லிப் பார்த்தேன். "வாயில வைக்க முடியலட்டி." ஒரு தடவைகூட நீங்கள் என்னிடம் சொல்லாத வாக்கியம் அது. ஆனாலும் நீங்கள் பக்கத்தில் நின்று சொல்வதுபோல, அத்தனை தெளிவாகக் கேட்டது.