பூவனலிங்கம் சொன்ன பொய்

7.10.2025, செவ்வாய்

நேற்று காலை பத்தேகாலுக்கு என்னைக் குழுவிலிருந்து நீக்கிவிட்டார்கள். நான் சொன்னது தப்பு என்று யாரும் நிரூபிக்கவில்லை. அதை ஒருவரும் யோசித்துக்கூடப் பார்க்கவில்லை. இது அநியாயம். தேதி போட்டு எழுதி வைக்கிறேன்.

குழுவின் பெயர் 'தமயந்தி ரசிகர்கள் – கோவில்பட்டி'. ஞாயிற்றுக்கிழமை ஏழு மணிக்கு டிவியில் 'தமயந்தி விசாரிக்கிறார்' பார்க்கிறவர்கள் வாட்ஸப்பில் அறுபத்திரண்டு பேர் இருந்தோம். இப்போது அறுபத்தொன்று. அட்மின் செல்வக்குமார். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறவன்.

8.10.2025, புதன்

நடந்ததை ஒழுங்காக எழுதுகிறேன். நாளைக்கு மறந்துவிட்டது என்று எவனும் சொல்லக்கூடாது.

இந்தக் கேஸ் இரண்டு வாரக் கேஸ். காற்றாலைக்கு நிலம் பிடித்துக் கொடுக்கும் தரகர் ஒருவர், சித்திரை மாதம் கோடை மழை கொட்டிய ராத்திரியில் அடித்துக் கொல்லப்படுகிறார். சந்தேகம் பெண்டாட்டி ரேணுகாதேவி மேல். செத்தவரின் அண்ணன் பூவனலிங்கம் இன்ஸ்பெக்டர் தமயந்தியிடம் சொல்கிறான்: "ராத்திரி பூரா என் கரிசக் காட்டுல ஆட்டுக்கிடை கெடந்துச்சு. விடிய விடிய நான் அங்கனதான் காவல் இருந்தேன்." ஆட்டுக்காரனும் ஆமாம் போடுகிறான்.

எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. குழுவில் பாதிப் பேருக்குக் கிடை என்றால் என்னவென்றே தெரியாது. ஆகவே பொறுமையாகச் சொன்னேன். அறுவடை முடிந்த காட்டில் உரத்துக்காக ராத்திரி முழுக்க ஆட்டு மந்தையை அடைத்துப் போடுவதுதான் கிடை. வானம் இருட்டினாலே கரிசலிலிருந்து கிடையைக் கிளப்பிச் சரள் மேட்டுக்கு ஓட்டிவிட வேண்டும். மழையில் கரிசல் களியாகிவிடும், ஆடு கால் எடுக்க முடியாது. கொட்டுகிற மழையில் கரிசலில் கிடை கிடந்தது என்றால் அவன் சொல்வது பொய். பொய் சொல்கிறவன்தான் கொன்றவன்.

செண்பகராஜ் வாத்தியார் (ஓய்வு பெற்றும் பிரம்பை விடாதவர்) சிரிக்கிற பொம்மை மூன்று போட்டார். நான் திரும்பச் சொன்னேன். அவர் திரும்பச் சிரித்தார்.

இன்று கடைக்கே போய்விட்டேன்.

"வாங்க ஆச்சி. ஆதார் ஜெராக்ஸா?"

"என்ன எதுக்குலே தூக்குன?"

"ஆச்சி, ஒரே காலைல பதினாலு வாய்ஸ் அனுப்புதீங்க. மத்தவிய எப்ப பேசுவாவ?"

"பதினாலு இல்ல. ஒம்பது."

"சரி, ஒம்பது. எல்லாம் ஆட்டப் பத்தி. எங்களுக்குக் கொலைகாரன் வேணும் ஆச்சி, ஆட்டுக் கொட்டடி வேண்டாம்."

கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. ஒம்பது என்பதை அவன் ஒத்துக்கொண்டான். அது போதும் இன்றைக்கு.

10.10.2025, வெள்ளி

ஒரு காரியம் செய்தேன். 'பூவனலிங்கம் சொன்னது பொய். மழையில் கரிசலில் கிடை கிடக்காது. அவனே கொலையாளி. – மாடத்தி' என்று எழுதி, உறையில் போட்டு ஒட்டி, என் விலாசத்தையே எழுதித் தபால் ஆபீசில் கொடுத்தேன். கவுண்டரில் உமாதேவி. அவளும் குழுவில் இருக்கிறாள்.

"ஒங்களுக்கே போடுதீங்களா ஆச்சி?"

"ஆமா. முத்திரை தெளிவாக் குத்து. தேதி தெரியணும்."

அவள் இரண்டு தடவை குத்தினாள். நல்ல பிள்ளை.

உறை மேல் என் எழுத்து நேராக இருந்தது. பள்ளிக்கூடம் போகாமல், பத்து வயதில் தீப்பெட்டி ஒட்டும்போது லேபிளைப் பார்த்து எழுத்துக் கூட்டினவள் நான். வாத்தியார் எழுத்தைவிட என் எழுத்து நன்றாக இருக்கும்.

12.10.2025, ஞாயிறு

ரேணுகாதேவிதான் கொன்றாளாம்.

தமயந்தி பூவனலிங்கத்தின் காட்டுக்குப் போனாள். கீழே ஆட்டுப் புழுக்கை கிடந்தது. குனிந்து பார்த்தாள், நிமிர்ந்தாள். "கிடை கிடந்தது உண்மைதான்" என்றாள். அவ்வளவுதான் விசாரணை! அந்தப் பொம்பளைக்கு விலங்கு.

என்னட்டி தமயந்தி, ஒனக்குமா கண்ணு இல்ல? இத்தன கேஸ் பாத்திருக்கியே, ஒரு ஆட்டுக்காரிய கூப்ட்டுக் கேக்க ஒனக்கு வாய் வரலியா?

சாப்பிடவில்லை.

13.10.2025, திங்கள்

பக்கத்து வீட்டு யோகலட்சுமி மில்லுக்குப் போகும் முன் வந்து, அவள் போனில் குழுவைக் காட்டினாள். வாத்தியார் எழுதியிருந்தார்: 'கிடை ஆச்சி கேஸ் குளோஸ்.' அதற்குக் கீழே இருபத்தேழு சிரிப்பு.

"விடுங்க அத்தே, அது நாடகந்தானே."

"நாடகம்னா அதுல மழை ஏன் தண்ணியாப் பெய்யுது? மோரா பெய்யட்டுமே."

அவள் பஸ்ஸுக்கு ஓடினாள்.

மத்தியானம் என் உறை எனக்கே வந்து சேர்ந்தது. பிரிக்கவில்லை. கிழித்துப் போடவும் இல்லை. தோற்றவள் கிழிப்பாள், நான் தோற்கவில்லை.

14.10.2025, செவ்வாய்

போனில் அந்த எபிசோடைத் திரும்பப் பார்த்தேன். காட்டுக் காட்சியை மட்டும் பதினோரு தடவை.

கண்டுபிடித்துவிட்டேன்.

புழுக்கை உருண்டை உருண்டையாக, காய்ந்து, மண் மேல் தனியாகக் கிடக்கிறது. ராத்திரி முழுக்க மழை பெய்திருந்தால் அது கரைந்து சேற்றோடு சேர்ந்திருக்கும். ஒரு உருண்டைகூட முழுசாக நிற்காது. அப்படியானால் அதை மழைக்குப் பிறகு கொண்டுவந்து தூவியிருக்கிறார்கள்! தூவியது யார்? பூவனலிங்கம்.

முதலில் பொய் மட்டும்தான் இருந்தது. இப்போது சாட்சியும் இருக்கிறது.

15.10.2025, புதன்

மறுபடி ஜெராக்ஸ் கடை. வாத்தியாரும் அங்கேதான் உட்கார்ந்திருந்தார். போனை இருவர் முகத்துக்கு நேரே நீட்டினேன்.

செல்வக்குமார் சொன்னான்: "ஆச்சி, அது சூட்டிங். எங்கயோ ஒரு மூட்டை புழுக்க வாங்கித் தூவிருப்பான். மழையும் லாரித் தண்ணி."

"தூவுனதுன்னு நீயே சொல்லுதெ பாரு."

"அது டைரக்டரு தூவுனது!"

"யாரு தூவுனாலும் கேசு கேசுதான்."

வாத்தியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "மாடத்தியம்மா, நானும் இதே ஊர்தான். கரிசலைப் பார்க்காதவனா? மழை பெஞ்சா கொஞ்சம் சகதி. அதுக்காக ஆடு நிக்காதுன்னா எப்படி?"

கொஞ்சம் சகதியாம். பஸ்ஸிலிருந்து பார்த்த கரிசல் அவருக்கு.

"ஒரு மழை பெய்யட்டும். கடம்பூர் ரோட்டுல என் ஒண்ணரை ஏக்கர்ல பாதி வெதைக்காமத்தான் கெடக்கு. பத்து எட்டு நடந்து காட்டுங்க. நடந்துட்டா நான் கேஸ விட்டுருதேன்."

"நடக்காட்டி?" என்றான் செல்வக்குமார்.

"அப்ப சொல்லுதேன்."

16.10.2025, வியாழன்

இதை எழுத வேண்டாம் என்று இருந்தேன். எழுதுகிறேன்.

வீட்டுக்காரர் லாரியிலிருந்து விழுந்து இடுப்பு ஒடிந்த பிறகு, பதினோரு வருஷம் மந்தையை நான்தான் பார்த்தேன். பொம்பளை கிடை காப்பதா என்று பேசினார்கள், காத்தேன். தொண்ணூற்று நாலு சித்திரையில் ஒரு கரிசல் காட்டில் கிடை. மேற்கே மின்னியது. காற்று நின்றது. காட்டுக்காரரிடம் போய், மழை வருது, சரள் மேட்டுக்கு ஓட்டுகிறேன் என்றேன். "எனக்குத் தெரியாத மழையா ஒனக்குத் தெரியும்? ராத்திரி முழுக்கக் கெடந்தாத்தான் உரம். கெட" என்றார்.

கிடந்தேன். அதுதான் நான் செய்த தப்பு. வேறு தப்பு செய்யவில்லை.

விடியும்போது பதினேழு குட்டி. கால் புதைந்து, எடுக்க முடியாமல், நின்றபடியே விறைத்து.

"பொம்பள காத்த கிடை, தூங்கிட்டா" என்று அவர் ஊர் முழுக்கச் சொன்னார். நான் முன்கூட்டிச் சொன்னேனா என்று ஒருவரும் கேட்கவில்லை. வீட்டில் படுக்கையில் கிடந்தவரும் கேட்கவில்லை. என்னைப் பார்த்தார், திரும்பிப் படுத்துக்கொண்டார்.

ரெண்டு பேரும் இப்போது இல்லை.

தூங்கல. நான் தூங்கல.

17.10.2025, வெள்ளி

மழை இல்லை.

18.10.2025, சனி

மத்தியானத்திலிருந்து மழை! நல்ல மழை. யோகலட்சுமியை விட்டுக் குழுவில் போடச் சொன்னேன்: 'நாளை காலை எட்டு மணி. கடம்பூர் ரோடு. மாடத்தி காடு. கால் கழுவத் தண்ணீர் உண்டு.'

19.10.2025, ஞாயிறு

நாளைக்குத் தீபாவளி. யாரும் வரமாட்டார்கள் என்றுதான் போனேன். நாலு பேர் வந்தார்கள். செல்வக்குமார், வாத்தியார், உமாதேவி, யோகலட்சுமி. செல்வக்குமார் காலில் புது ஷூ.

வாத்தியார் வேட்டியை மடித்துக் கட்டி முதலில் இறங்கினார். இரண்டாவது எட்டில் செருப்பு அம்மி மாதிரி கனத்தது. நாலாவதில் ஒரு செருப்பு உள்ளேயே தங்கிவிட்டது. கையைவிட்டுத் துழாவினார், அகப்படவில்லை.

"சார், கொஞ்சம் சகதிதான் சார்!" என்று உமாதேவி வரப்பிலிருந்து கத்தினாள்.

செல்வக்குமார் வேகமாகப் போனால் தப்பிக்கலாம் என்று ஓடப் பார்த்தான். கரிசலில் ஓடுவதா? இரண்டு காலும் முழங்கால் வரை இறங்கி நட்டுவைத்த கம்பம் மாதிரி நின்றான்.

"ஆச்சி, கை குடுங்க ஆச்சி!"

"எத்தன எட்டுலே?"

"அஞ்சு!"

"பதினாலு இல்லியே?"

"இல்ல ஆச்சி, அஞ்சுதான், சத்தியமா அஞ்சுதான்!"

யோகலட்சுமி சிரித்துச் சிரித்து வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டாள். நானும் சிரித்தேன், மறைக்கவில்லை.

அப்போது உமாதேவி கேட்டாள்: "ஆட்டுக்குட்டிக் காலு எவ்வளவு கனம் இருக்கும் ஆச்சி?"

இரண்டு விரலைச் சேர்த்துக் காட்டினேன். சிரிப்பு நின்றுவிட்டது. "நீங்க பாத்திருக்கீங்களா?" என்றாள். சொன்னேன். முப்பத்தொரு வருஷம் கழித்து நாலு பேரிடம் சொன்னேன். மின்னலையும் சொன்னேன், காட்டுக்காரர் சொன்னதையும் சொன்னேன், பதினேழையும் சொன்னேன்.

செல்வக்குமார் இன்னும் சேற்றில்தான் நின்றான். "நீங்க சொன்னத அந்த ஆளு கேட்டிருக்கணும்லா ஆச்சி" என்றான்.

நீங்க சொன்னத அந்த ஆளு கேட்டிருக்கணும்லா ஆச்சி.

இரண்டு தடவை எழுதினது தெரிந்துதான் எழுதினேன்.

கம்பைக் கொடுத்து இழுத்துவிட்டேன். ஷூ ஒன்றுதான் வந்தது.

20.10.2025, திங்கள். தீபாவளி

செல்வக்குமார் கடம்பூர் போளி வாங்கிக்கொண்டு வந்தான். குழுவில் உடனே சேர்க்கிறேன் என்றான். போளியை வாங்கிக்கொண்டேன். குழுவுக்கு வரமாட்டேன் என்றேன். முதலில் கேஸ் என்ன ஆகிறது என்று பார்க்க வேண்டும்.

23.10.2025, வியாழன்

யோகலட்சுமி மூச்சு வாங்க வந்தாள். குழுவில் ஓட்டெடுப்பு. 'பூவனலிங்கம் சொன்னது பொய்யா?' என்று செல்வக்குமார் கேட்டிருக்கிறான். சேற்றில் அவன் நிற்கிற படத்தையும் அவனே போட்டிருக்கிறான். பொய் என்று நாற்பத்தெட்டு பேர். வாத்தியார் இன்னும் ஓட்டுப் போடவில்லை.

24.10.2025, வெள்ளி

வாத்தியார் போட்டுவிட்டார். நாற்பத்தொன்பது.

26.10.2025, ஞாயிறு

இன்று காலை குழுவில் சேர்ந்தேன். மறுபடி அறுபத்திரண்டு. வரவேற்று நிறையப் பேர் பூப் போட்டார்கள். நான் பூவெல்லாம் போடவில்லை, 'சரி' என்று போட்டேன். டிவி கம்பெனிக்குக் கடிதம் எழுதுவது என்று தீர்மானம் ஆகிவிட்டது. யார் என்ன செய்ய வேண்டும் என்று நான்தான் சொல்ல வேண்டுமாம். சாயங்காலம் குழுவில் போட இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

செல்வக்குமார்: கடிதத்தை நான் சொல்லச் சொல்ல டைப் அடிக்க வேண்டும். ஒரு வார்த்தையும் மாற்றக்கூடாது. என் ஒன்பது வாய்ஸையும் அவன்தான் அழித்தான். ஒன்பதையும் நான் புதிதாக அனுப்புவேன், அவன் குழுவின் முன்னால் உட்கார்ந்து முழுசாகக் கேட்க வேண்டும்.

செண்பகராஜ் வாத்தியார்: கையெழுத்து வாங்க வேண்டும். வீடு வீடாக. 'கிடை ஆச்சி' என்று எழுதினதை அழித்துவிடுகிறேன் என்கிறார். அழிக்க வேண்டாம், இருக்கட்டும். கடிதத்தின் அடியிலும் மாடத்தி என்று போட்டு, பக்கத்தில் கிடை ஆச்சி என்றே போடப்போகிறேன். செருப்பைத் தேட அவர் இனி வர வேண்டாம், கோடையில் தானாக வெளியே வரும்.

உமாதேவி: பதிவுத் தபால். தேதி முத்திரை குத்தின உறையைப் பிரிக்காமல் உள்ளே வைக்க வேண்டும். நனைந்த புழுக்கை ஒரு பொட்டலம், நனையாதது ஒரு பொட்டலம் வைக்கலாம் என்றேன். தபாலில் அதெல்லாம் அனுப்பக் கூடாதாம். படம் எடுத்து வைப்போம்.

யோகலட்சுமி: படம் எடுக்க வேண்டும். சிரிக்காமல்.

நான்: வாத்தியார் டிவி கம்பெனி பதில் போடாது என்கிறார். போடாவிட்டால் இன்னொரு கடிதம். அதற்கும் போடாவிட்டால் இன்னொன்று. எனக்கு அறுபத்தெட்டுதான் ஆகிறது.

இன்ஸ்பெக்டர் தமயந்தி: கேஸைத் திறக்க வேண்டும். அந்த ஆட்டுக்காரனைத் தனியாகக் கூப்பிட்டு, அன்று மின்னல் எந்தப் பக்கம் என்று கேட்க வேண்டும். பூவனலிங்கத்தைப் பிடிக்க வேண்டும். ரேணுகாதேவியிடம் போய், நாங்கள் உன்னிடம் கேட்டிருக்க வேண்டும் என்று சொல்லி, வெளியே விட வேண்டும்.